தலைக்கு நேர் கீழே

ஆலங்குடிப் பக்கம் பாகம் பிரிக்கும்போது மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுத்துக்கொள்வார். செவந்தியின் புருஷன் சரவணக்குமார் இளையவன். துபாயில் செத்துப்போனவனுக்குப் பதிலாக அவள்தான் நின்றாள். மூத்தார் ரெங்கசாமி தென்னந்தோப்பின் குறுக்கே கயிறு கட்டிவிட்டு, எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். செவந்தி அடிமரங்களை எண்ணினாள். மேற்கே கூடுதலாக இருந்தன. மேற்கையே எடுத்துக்கொண்டாள். மூத்தாரை மிஞ்சிவிட்டோம் என்று சந்தோஷம் வேறு.

அண்ணாந்து பார்க்கவில்லை, பாவி மகள். கஜா புயல் அடித்துப்போட்ட தோப்பு அது. அவள் பக்கத்தில் உள்ளே நின்ற மரங்கள் குருத்து பட்டவை. காய்க்கிற மரங்களெல்லாம் கயிற்றோரம் நின்று, தலையை ரெங்கசாமி பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் மேலே பார்த்துவிட்டுத்தான் கயிறே கட்டினார்.

விழுந்த காய் விழுந்த இடத்துக்காரருக்கு என்பது ஊர் வழக்கம். பூமி எதையும் நேர்கீழே இழுக்குமே தவிர, யார் பாடுபட்டது என்று பார்க்காது. முற்றிய காயெல்லாம் தலைக்கு நேர் கீழே, ரெங்கசாமி மண்ணில் விழுந்தது. செவந்திக்கு அந்தக் காயை விட்டால் வேறு பிழைப்பில்லை.

மரமேறும் கருப்பனை அழைத்து, குலையைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொன்னாள். அதுவும் அங்கேதான் இறங்கியது. இன்னொரு கயிறு போட்டு இவள் தன் பக்கம் இழுத்தாள். காம்பு அறுந்து, காய்கள் அவர் வாய்க்காலில் சிதறின. அவர் வீட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள்.

அன்றே அவளுக்கு வெறுத்துவிட்டது. மரங்களை வெட்டச் சொன்னாள்.

“வெட்டுனாலும் அங்கிட்டுத்தாங்க விழும்” என்றான் கருப்பன்.

“விழட்டும். இனிமே காய் விழாதுல்ல.”

விழுந்தன. அதே வழக்கத்தைச் சொல்லி ரெங்கசாமி மரங்களை அறுத்து, மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார். போகும்போது புத்தியும் சொன்னார்.

“அடிக்கட்டைய பேத்துரு ஆத்தா. அழுகுனா வண்டு அடையும், ஏந்தோப்புக்கும் பறந்து வந்து குருத்தத் தின்னுரும்.”

 மறுநாள் விடிந்ததும் செவந்தி அடிக்கட்டைகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.