மூக்கர் முகராத சுவர்

கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கர். ஒரு வீட்டுக்குள் நுழைந்து இரண்டு தரம் மூச்சை இழுத்தாரென்றால், எந்தச் சுவருக்குப் பின்னால் பூஞ்சை குடித்தனம் நடத்துகிறது என்று விரலை நீட்டிச் சொல்லிவிடுவார். சுவர்களில் ஈரத்தைத் தேடிப் பிடிக்கும் இந்த வேலையில் மற்றவர்கள் ஈரம் அளக்கும் கருவியோடு போவார்கள். இவரிடமும் ஒன்று இருந்தது, பெட்டியைக்கூடப் பிரிக்காமல். "அது மூக்கில்லாதவனுக்கு" என்பார். இருபத்திரண்டு வருட அனுபவம் ஒரு மனிதரை எவ்வளவு கெடுக்க முடியுமோ அவ்வளவு கெடுத்திருந்தது.

வேலையில் கெட்டிக்காரர்தான், அதில் பொய் சொல்லக் கூடாது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் தெளிப்பார். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் பூஞ்சை. கறையின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிணத்துக்குப் பவுடர் போடுறீங்களா சார்?" என்று ஒரு விடுதி மேனேஜரிடம் கேட்டு, வந்த வேலையைக் கெடுத்துக்கொண்டவர். வெளிச்சுவரை ஒட்டி யாராவது அலமாரி வைத்திருந்தால் தொலைந்தார்கள். "நடுவுல ஒரு சாண் விடணும்மா. சுவருக்கும் காத்து வேணும்" என்று கால்மணி நேரம் பாடம் நடக்கும். "எங்களுக்கு வாடையே வரலையே" என்று அந்த அம்மா இழுத்தால், "உங்களுக்கு எப்படி வரும்? பழகிப்போச்சு" என்று பரிதாபமாகப் பார்ப்பார்.

ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் காற்று கேட்டவரின் மனைவி பதினான்கு மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். இரண்டு டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாமவர் மட்டும், "வீட்ல ஈரம் எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். மூக்கருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டாக்டர், யார்கிட்ட கேக்கறீங்க?"

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தக் கருவியை ஒரு தடவை வச்சுப் பாத்துடுங்களேன்."

"இருந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரியாமப் போயிருந்தா?"

மூக்கர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் அவரே நோயைக் கண்டுபிடித்து அறிவித்தார். "உனக்கு இருமறது பழக்கமாயிடுச்சு." தூக்கம் கெட்டால் காலையில் மூக்கு மந்தமாகிவிடும் என்று சொல்லிப் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். படுக்கை அறையில் அவள் மட்டும் இருமினாள்.

பிறகு வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்க்கப் போய், பதினோரு நாள் தங்கிவிட்டுத் திரும்பினார். மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தன் சாவியால் கதவைத் திறந்தார். வாடை மூஞ்சியில் அறைந்தது. பழைய, ஊறிப்போன, சந்தேகத்துக்கே இடமில்லாத பூஞ்சை வாடை. முதலில் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டார். வாசலுக்குப் போய் மோந்து பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

வாடை படுக்கை அறைக்கு இழுத்துப்போனது. அங்கே வெளிச்சுவரை ஒட்டி அலமாரி. ஒரு சாண் இல்லை, விரல் நுழைய இடமில்லை. அறை சின்னது என்று மூச்சுப் பிடித்துத் தள்ளி ஒட்டவைத்தவர் சாட்சாத் அவரேதான். இழுத்தார். தரையிலிருந்து மார்பு உயரத்துக்குச் சுவர் கறுத்துப் போயிருந்தது.

மனைவி காலி வாளியோடு வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கும்?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்." தொழில் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"சரியா சொல்றீங்க" என்றாள். அன்று மாலையே பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூக்கர் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு இருபது நாள் வேலை பார்த்தார். ஓதம் ஏறிய பூச்சைச் சுரண்டினார், சோப்புத் தண்ணீரால் தேய்த்தார், வெளிப்பக்கத்து விரிசலை அடைத்தார், விசிறியை ஓடவிட்டார். கடைசியில் பெட்டியைப் பிரித்து, கருவியைச் சுவரில் வைத்தார். தன் மூக்கை நம்பப் பயமாயிருந்தது. முள் காய்ந்த பக்கமே நின்றது.

உடனே போன் செய்தார். "இருமல் எப்படி இருக்கு?"

"இங்க வந்த அஞ்சாம் நாளே நின்னுபோச்சு."

அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷந்தான். "சுவர் காஞ்சுடுச்சு. அளந்து பாத்துட்டேன். நாளைக்கு வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

"இப்ப வேணாங்க."

"பின்னே எப்ப?"

"பதினாலு மாசம் இருமினேன். அதுல பாதி நாளாவது தூங்கிட்டு வரேனே."

சரி என்றார் மூக்கர்.