இரண்டு ஓசெல் டார்வர்கள்

1931 அக்டோபரில், மெம்பிஸ் நகரத்து விடுதி அறை ஒன்றில், வெளிச் சத்தம் வராமல் ஜன்னல்களுக்குப் போர்வை தொங்கவிட்டு ஓசெல் டார்வரைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். இரண்டு ப்ளூஸ் பாட்டுகள், அரக்கு இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக. தட்டு கடைக்கு வருவதற்குள் ஓசெல் ஒரு சூதாட்டச் சண்டையில் சிக்கி, மிசிசிப்பி சிறைப் பண்ணைக்குப் போய்விட்டான். ஐந்து வருடம். தன் தட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டதுமில்லை.

வெளியே வந்தது ஆகஸ்ட் மாதம். கெட்ட மாதம் அது. களையெடுப்பு முடிந்திருக்கும், பருத்தி வெடித்திருக்காது, எங்கும் வேலை கிடைக்காது. வேலையில்லாமல் சாலையில் நடக்கும் கறுப்பனை ஷெரீப்பின் ஆட்கள் நாடோடி என்று பிடித்து, கூலியில்லாமல் பருத்தி எடுக்க அனுப்புவார்கள். 'இவன் என் ஆள்' என்று யாராவது சொன்னால் தப்பலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓசெல் ஒரு சனிக்கிழமை மதியம், இரவல் கிடாரோடு, வெர்லீனின் சாராயக் குடிலுக்கு வந்தான்.

"பாட ஆள் வேணுமாக்கா?"

கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்த வெர்லீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆள் இருக்கு. ஓசெல் டார்வரே இங்கதான் பாடறாரு."

"நாந்தான்க்கா ஓசெல் டார்வர்."

சீட்டாடியவர்கள் சிரித்தார்கள். "போன மாசமும் ஒருத்தன் இதையே சொல்லிக்கிட்டு வந்தான்யா. கிடாரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவனுக்குத் தெரியல!"

மூலையில் பட்டு டை கட்டியிருந்த ஒல்லி மனிதன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஆர்ஸோ மின்டர். நான்கு வருடமாக ஓசெலின் பெயரில் பாடிப் பிழைப்பவன்.

"சண்டை வேணாம்," என்றாள் வெர்லீன். "தட்டு இருக்கு, நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. யார் குரல்னு பாத்துடுவோம்."

கிராமஃபோனுக்குச் சாவி கொடுத்தாள். அதன் வேகத் திருகை, தட்டு விரைவாகச் சுற்றும்படி அவள் என்றோ முறுக்கிவைத்திருந்தாள். மெதுவான பாட்டுக்கு யாரும் ஆடுவதில்லை, ஆடாதவன் குடிப்பதுமில்லை. அக்கம்பக்கத்துக் குடில்களிலும் இதே வழக்கம்தான். அந்த ஊர்க் காதுகளுக்குத் தெரிந்த ஓசெல் டார்வர் அந்த வேகத்தில் ஓடுகிறவன்.

ஊசி இறங்கியது. ஓசெல் தலையைச் சாய்த்துக் கேட்டான். மூக்கால் பாடும் யாரோ ஒரு பொடியன். நாய் துரத்துவதுபோல ஓடும் கிடார். மண்வெட்டி பிடித்த ஐந்து வருடமும் மனசுக்குள் பாடிக்கொண்டிருந்தது இதையா?

"இது நானில்ல," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் குடிலே அதிர்ந்தது. "அவனே ஒத்துக்கிட்டான்யா!" "டேய், பொய் சொன்னா கடைசி வரைக்கும் சொல்லணும்டா!"

"இல்லக்கா, பொட்டி வேகமா ஓடுது. வார்த்தையெல்லாம் என்னுதுதான். கேளுங்க."

பாடினான். கனத்த குரல், சேற்றில் கால் இழுத்து நடப்பதுபோல மெதுவாக. பாதியிலேயே ஒருவன் கொட்டாவி விட்டான். "எழவு வீட்டுக்குப் போய்ப் பாடுண்ணே!"

அடுத்து ஆர்ஸோ தட்டோடு சேர்ந்து பாடினான். மயிரிழை பிசகவில்லை.

வெர்லீன் ஒரு தட்டில் மீனும் சோள ரொட்டியும் வைத்து ஓசெலிடம் நீட்டினாள். "நல்லாத்தான் பாடற தம்பி. ஆனா சனம் வர்றது அந்த ஓசெலுக்காக."

"பாத்திரம் கழுவறேன்க்கா. உங்க ஆளுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"சொல்றேன். ஆனா ரெண்டு ஓசெல் டார்வர்னு சொன்னா ஷெரீப் ஆளுங்க என்னையும் சேத்துல்ல உள்ள தள்ளுவானுங்க? வேற பேர் ஒண்ணு சொல்லு."

ஆர்ஸோ முதல்முறையாக ஓசெலிடம் பேசினான். "எம் பேர எடுத்துக்கண்ணே. ஆர்ஸோ மின்டர். நல்ல பேருதான். நான் அத வச்சு ஒண்ணும் பண்ணல."

கேலி இல்லை, மனசாரத்தான் சொன்னான். அதுதான் ஓசெலுக்குத் தாங்கவில்லை. மீனைத் தொடாமல் கீழே வைத்தான்.

"எனக்குப் பேர் இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

திங்கட்கிழமை காலை ஆற்றுக்கரைச் சாலையில் ஷெரீப்பின் லாரி அவனை ஏற்றிக்கொண்டது. பெயர் கேட்டார்கள், சொன்னான். ஓசெல் டார்வரை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நாடோடியாகத் திரிந்ததற்கு அறுபது நாளோடு, பொய்ப் பெயர் சொன்னதற்கு முப்பது நாளும் சேர்த்து விதித்தார்கள். அடுத்த வாரம் பருத்தி எடுப்பு தொடங்கியது.