இரண்டாவது நாற்காலி

செல்வசிங் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. நாகர்கோவிலில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பல்கலைக்கழக அணித் தேர்வு ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. கூடைப்பந்துக்காகவே கல்லூரியில் இடம் கிடைத்தவன். ஆட முடியாது என்றானதும் வகுப்புக்குப் போகவும் கால் வரவில்லை. ஊர் குளச்சல் பக்கம். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். நொண்டி நடக்கிறவனை வள்ளத்தில் ஏற்றவும் யோசித்தார்கள். 2001இல் ஜெபல் அலியில் ஒரு கிட்டங்கியில் சரக்கு சரிபார்க்கும் வேலைக்கு விசா வந்தது, போய்விட்டான்.

தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரு கம்பம் நட்டு வளையம் கட்டியிருந்தார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் செல்வசிங் ஓரமாக நின்று பார்ப்பான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், எதிராளியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தான். ஒரு வருடம் கழித்து கிட்டங்கியில் சுமை தூக்கும் அந்தப் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஷார்ஜாவில் ஒரு தனியார் கல்லூரி நடத்திய போட்டிக்குப் போய், கல்லூரியின் இரண்டாம் அணியைத் தோற்கடித்தார்கள். கல்லூரியின் கோச் நபீல், லெபனான்காரர், நேராக வந்து செல்வசிங்கின் கையைப் பிடித்தார். அடுத்த மாதமே அவனைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார்.

லேபர் கார்டில் 'ஹெல்பர்' என்றுதான் போட்டிருந்தது. ஜெர்சி துவைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, ஐஸ் கொண்டுவருவது. மற்ற கல்லூரிகளின் ஆட்டங்களுக்குப் போய் கேலரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருவான். எதிரணியில் எந்தப் பையன் இடது பக்கமே திரும்புவதில்லை, யார் கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறான் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். 2004இல் நபீல் அவனை அசிஸ்டன்ட் கோச் ஆக்கி, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மறு வருடம் கல்யாணம். புஷ்பமேரி முட்டத்துக்காரி, ஷார்ஜாவிலேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

2006இல் நபீல் பெய்ரூத்துக்குத் திரும்பிப் போனார். அந்த இடம் தனக்குத்தான் என்று செல்வசிங் நினைத்திருந்தான். விளையாட்டுத் துறை மேனேஜர் அகமது கபீர், கீழக்கரைக்காரர், அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"மேனேஜ்மென்ட் வெளிநாட்டு ஆளத்தான் கேக்குறாங்க சிங்கு. கொஞ்சம் பொறுங்க."

மிலான் என்று ஒரு செர்பியாக்காரர் வந்தார். செல்வசிங் அதே நாற்காலியில் இருந்தான்.

2008 ஜனவரியில், சீசன் பாதியில், மிலான் மேனேஜ்மென்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சீசன் முடியும்வரை அணியைப் பார்த்துக்கொள்ளும்படி கபீர் சொன்னார். அப்போது புஷ்பமேரிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி மூன்றாம் வருடம், இரண்டு முறை கலைந்த பிறகு தங்கியது. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்ததால் ஊருக்கு அனுப்பிவிட்டான். மார்ச் பதினாறாம் தேதிக்குத் தானும் டிக்கெட் போட்டான்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. அரையிறுதியையும் ஜெயித்தது. இறுதி ஆட்டம் பதினெட்டாம் தேதி. டிக்கெட்டைப் பத்தொன்பதுக்கு மாற்றிவிட்டு புஷ்பமேரியிடம் போனில் சொன்னான்.

"டாக்டர் இன்னும் பத்து நாளு இருக்குன்னுதான சொல்லிருக்காங்க."

"சொல்லிருக்காங்க," என்றாள் அவள்.

பதினெட்டாம் தேதி காலை மச்சினன் ஜெப்ரின் போன் செய்தான். இரவே வலி வந்து ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளை. மூச்சு விடக் கஷ்டப்படுகிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். "நீங்க வந்திருங்க அத்தான்."

மதியம் திருவனந்தபுரத்துக்கு ஒரு விமானம் இருந்தது. செல்வசிங் கபீரின் அறைக்குப் போனான். கபீர் நல்ல மனிதர், போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

"போறதுன்னா போங்க, ஆபீஸ்ல இருக்கிற பாஸ்போர்ட்ட நான் எடுத்துத் தாரேன். ஆனா ஒங்க பேர ஹெட் கோச்சுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னிக்கி சேர்மன் மேட்ச் பாக்க வர்றாரு. அதையும் சொல்லாம இருக்க முடியல."

செல்வசிங் கணக்குப் போட்டான். ஆட்டம் ஐந்து மணிக்கு. அது முடிந்து ராத்திரி விமானத்தைப் பிடித்தாலும் விடியும்போது நாகர்கோவிலில் இருக்கலாம். பெரிய டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒரு ராத்திரிதானே. அன்று முதல் முறையாக அவன் தலைமைக் கோச்சின் இடத்தில் சேர்மன் பார்க்க உட்காரப் போகிறான் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. அதைப் பிறகு தன்னிடமே அவன் மறைத்ததில்லை.

இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள். கடைசி அரை நிமிடத்தில் டைம் அவுட் கேட்டு, எதிரணியின் உயரமான பையனை இடது பக்கம் தள்ளச் சொன்னது அவன்தான். பையன்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். சேர்மன் கை கொடுத்தார். பைக்குள் இருந்த போனை எடுத்தபோது பதினொரு மிஸ்டு கால். மச்சினனைக் கூப்பிட்டான்.

"பிள்ள போயிட்டு அத்தான்," என்றான் ஜெப்ரின்.

கோப்பையோடு போட்டோ எடுக்கப் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கபீர்தான் ஓடிவந்து அவனைப் பிடித்து, தன் காரிலேயே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம். கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோதே வார்டு நர்ஸ் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஜோஸ்மி என்று பெயர். புஷ்பமேரி தனியாக யோசித்து வைத்த பெயர். கல்லறையில்தான் அவனுக்கு அது தெரிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் புஷ்பமேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் கையைத் தொட்டபோது இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க வந்திருந்தாலும் பிள்ள பொழச்சிருக்காது. நானும் நர்ஸ்தான, எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா அவ கண்ண மூடுனத நான் ஒத்தைக்கி பாத்திருக்க மாட்டேன்."

பதினைந்து நாளில் ஷார்ஜாவுக்குத் திரும்பினான். அவள் வரவில்லை. கிளினிக்குக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்துகொண்டாள். மே மாதம் கபீர் அவனைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமைக் கோச்சுக்குப் பட்டம் கட்டாயம் என்று மேனேஜ்மென்ட் முடிவு செய்துவிட்டதாம். அமெரிக்காவிலிருந்து இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான்.

"சரி சார்," என்றான் செல்வசிங். புதிய கோச் கேட்டபோது தன் நோட்டுகளையெல்லாம் கொடுத்தான். பையன்களில் யார் திட்டினால் ஆடுவான், யார் தட்டிக்கொடுத்தால் ஆடுவான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

2009இல் பணநெருக்கடியில் துபாயெங்கும் கட்டட வேலைக் கிரேன்கள் நின்றுபோனபோது கல்லூரியும் செலவைக் குறைத்தது. கூடைப்பந்து அணியைக் கலைத்தார்கள். ஜெபல் அலியில் பழைய கிட்டங்கியிலேயே மீண்டும் வேலை கிடைக்கும் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை புஷ்பமேரிக்குப் போன் செய்தான்.

"நான் வந்திரட்டுமா?"

"டிசம்பர்ல எனக்கு நைட் டூட்டி," என்றாள். "பகல்ல வீட்ல இருப்பேன். சாவி ஜெப்ரின்ட்ட இருக்கும்."

டிசம்பரில் போனான். ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் சமைத்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போவாள். அவன் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பான். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்:

"அன்னைக்கு மேட்ச் என்ன ஆச்சு?"

இருபத்தொரு மாதத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"ஜெயிச்சோம்."

"எத்தன பாயின்ட்?"

"ரெண்டு."

அவள் தலையசைத்தாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பை ஊற்றிவிட்டு, எழுந்து கை கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. செல்வசிங் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.