மஹ்ஜபீன் விரலைத் தூக்கினால்

மஹ்ஜபீன் ஒற்றை விரலைத் தூக்கினால் கடையில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் யாராவது தடதடவென்று இறங்கினால் அவர்களுக்கும் அதே விரல்தான். உறையூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே உட்கார்ந்து, ஒயர் மாட்டிய ஹார்டு டிஸ்க்கைக் காதோரம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். டிக், டிக், கரக். மறுபடி டிக். நானும் என் மனைவி பிரேமலதாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உசுரு இருக்கு," என்றார். "ஆனா எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது."

அந்த டப்பாவுக்குள் பிரேமலதாவின் பதினொரு வருஷ உழைப்பு இருந்தது. கண் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்புக்கு முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு வாசிப்பாள். நடுவில் குக்கர் விசில் அடித்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து வாசிப்பாள். இந்த வருஷம் வேணிக்கு. திருவெள்ளறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பி.ஏ. சரித்திரம் படிக்கிற பெண். இருபத்திரண்டு பாடங்கள், நாலு மாத வாசிப்பு. எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை பரீட்சை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய டி.வி.க்குச் செய்கிற மாதிரி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஏழு தடவை ஆன் செய்து ஆஃப் செய்தேன். அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினோம்.

மஹ்ஜபீன் முதல் காரியமாக என் கையிலிருந்த பவர் ஒயரை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். யார் வந்தாலும் இதே கதைதான். "ஒயர் இருந்தா கை சும்மா இருக்காது சார். இன்னும் ஒரு தடவை போட்டுப் பாப்போம்னு தோணும். அந்த ஒரு தடவையிலதான் போயிடும்." எனக்கு ரோஷம் வந்தது. ஏழு தடவையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். புர்காவின் கைகளை முழங்கை வரை மடக்கி, நழுவாமல் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். மேசையில் ஒரு டப்பா நிறைய ஸ்கூல் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். ராம் என்று சொல்கிற அந்தச் சின்னப் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் பளபளவென்று தேய்ப்பார். "பாதி கம்ப்யூட்டர் இந்த ரப்பர்லயே எழுந்திரிச்சிடும். ஊரே என்னைக் கெட்டிக்காரின்னு சொல்லுது, எல்லாம் இதோட புண்ணியம்." ஒரு வாடிக்கையாளரின் சரக்கைப் பிரதி எடுக்க ஆரம்பித்தால் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "அடுத்தவங்க பீரோ சார். தொறக்கச் சொன்னாங்க, தொறந்தேன். உள்ள என்ன மடிச்சு வெச்சிருக்காங்கன்னு எனக்கெதுக்கு?"

எங்கள் ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நிறுத்தினார். "இது யாரு வெச்சது?"

சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லோரும் கேபினட்டின் மேலே வைத்துவிட்டுப் பொரி சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. உயிர்நிலைக்கே வைக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் மூடியைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கின் மேல் சந்தனம் அப்பி வந்திருக்கிறேன். மஹ்ஜபீன் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினார். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. பக்கத்திலேயே, இதை மூடாதீர்கள் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

"மூச்சு விடற ஓட்டை சார்," என்றார். பிரேமலதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மஹ்ஜபீன்தான் காப்பாற்றினார். "இதனாலதான்னு சொல்ல மாட்டேன்க்கா. அதுக்கும் வயசாயிடுச்சு. அடுத்த வருஷம் வெளி மூடியிலயே வெச்சிருங்க சார். உள்ள இருக்கறதைச் சாமி பாத்துக்கும்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். "எது மொதல்ல வேணும்னு வரிசையா எழுதுங்க. ஒரே தாள், ஒரே கையெழுத்து. ஒண்ணு முழுசா வந்த பிறகுதான் ரெண்டைத் தொடுவேன். எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்த் தொழுதுட்டு வந்துடறேன், அதுக்குள்ள சண்டையை முடிச்சிடுங்க."

சண்டை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே கம்ப்யூட்டரில் என்னுடைய கட்டுரைகள் நாற்பத்து மூன்று இருந்தன. அச்சேறாதவை. அவற்றை முதலில் எழுதச் சொன்னேன். "உங்க கட்டுரையைப் படிச்சிட்டு யாரும் பரீட்சை எழுதப் போறதில்லைங்க," என்று சொல்லிவிட்டு பிரேமலதா எழுதினாள். ஒன்று, வேணியின் சரித்திரம். இரண்டு, மூன்று, நான்கு, மற்ற பிள்ளைகளின் பாடங்கள். ஐந்து, மகள் கல்யாண போட்டோ. ஆறு, இவர் கட்டுரைகள். பெயர்கூடப் போடவில்லை, 'இவர்'.

மூன்று நாள் வேலை நடந்தது. ஹார்டு டிஸ்க்குக்குத் தனியாக ஒரு டேபிள் ஃபேன். இருபது நிமிஷம் ஓட விடுவார், அரை மணி நேரம் ஆற வைப்பார். "மெதுவா, மெதுவா. அவசரமில்ல," என்று அதனிடம் பேசுவார். நான் என்னிடம் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு தடவை தலையாட்டினேன். திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "நாலு வரைக்கும் வந்துடுச்சு சார். அஞ்சுல பாதியில படுத்துடுச்சு. ஆறுக்கு வரல." போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்றைக்குக் கேட்டால், பிரேமலதா எழுதிய வரிசைதான் சரி என்பேன்.

பாடங்கள் வந்துவிட்டன. ஆனால் முழுசாக வந்தனவா என்பது பார்த்தால் தெரியாது, காதால் கேட்டால்தான் தெரியும். மறுநாள் மஹ்ஜபீன் கொஞ்சம் தயங்கி, "அக்கா, உங்க குரலை நான் கேக்கலாமா?" என்று பிரேமலதாவிடம் அனுமதி கேட்டார். இத்தனை வருஷமாக வேணியைப் போன்ற பிள்ளைகளைத் தவிர யாரும், நான் உட்பட, அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று கேட்டதில்லை. பிரேமலதா தலையை மட்டும் அசைத்தாள். கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து, கையில் வேறு வேலை நடக்க, காதில் சரித்திரம் ஓடியது. குரல் உடைகிற இடங்களை அந்த வரிசைத் தாளின் பின்பக்கத்திலேயே குறித்தார். 'பாடம் 7, 14 நிமிஷம் 20 செகண்ட், கரகரப்பு.' தினமும் போனில் சொல்வார். பிரேமலதா அந்தப் பத்தியை மட்டும் தன் போனில் மறுபடி வாசித்து அனுப்புவாள். இடையில் சந்தேகங்கள் வேறு. "அந்த ராஜா ஏன்க்கா சொந்தத் தம்பியையே சிறையில போட்டாரு? நல்லாத்தானே இருந்தாங்க?" சரிபார்த்த பாடங்கள் அன்றன்றைக்கே வேணியின் போனுக்குப் போயின.

டெஸ்க்டாப்பும் எழுந்துவிட்டது. உள்ளே புது டிஸ்க், தேய்த்த ராம், கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் பேட்டரி. நான் சட்டையை மாட்டுவதற்குள் அது தயாராகிவிடுகிறது. அதைவிட, ஒரு பெண்ணின் வருஷம் வீணாகாமல் போனதே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. மஹ்ஜபீனுக்கு நான் பட்டிருக்கும் கடன் அவருடைய பில்லில் வராது. எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கடைக்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். பிரேமலதா படியோரம் நின்றாள். ஸ்டூலில் வேணி, மடியில் மடக்கிய வெள்ளைக் கோல். மேசைக்குப் பின்னால் மஹ்ஜபீன், கண்ணை மூடியபடி. ஸ்பீக்கரில் என் மனைவியின் குரல் இருபத்திரண்டாவது பாடத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தது. நான் தொண்டையைக் கனைத்து, "மஹ்ஜபீன், உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். முறுக்குப் பொட்டலம் கையில் சரசரத்தது.

கண்ணைத் திறக்காமலே மஹ்ஜபீன் விரலைத் தூக்கினார்.