தங்கச்சிக்குப் பதிலாக ஒரு தொப்பிக்காரன்

கள்ளக்குறிச்சியில் செல்போன் கவர் விற்கும் ஒரு கடையின் மாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை டாரட் என்கிற சீட்டு ஜோசியம் படித்தேன். வெளியே சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பது எதுவும் மூடநம்பிக்கையாக இருக்க முடியாது என்று மனதார நம்பினேன். அப்பா எந்தக் காரியத்துக்கும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தவன், எழுபத்தெட்டுச் சீட்டைக் கலைத்துப் போட்டு ஒன்றை எடுப்பதை விஞ்ஞானம் என்று நினைத்தேன்.

சொல்லிக்கொடுத்தவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். முதல் பாடம் சிக்னிஃபிகேட்டர். கேள்வி கேட்பவருக்குப் பதிலாக நடுவில் முதலில் வைக்கிற சீட்டுக்கு அந்தப் பெயர். அவர் கொடுத்த ஜெராக்ஸில் விதி தெளிவாக இருந்தது. பொன்னிற முடி என்றால் கோல் சீட்டு, இளம்பழுப்பு என்றால் கோப்பை, அடர்பழுப்பு என்றால் வாள், கன்னங்கரேலென்ற முடியும் கருத்த தோலும் என்றால் காசு. வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் காசு. சீட்டுக்கட்டில் காசு ராஜா ஒருவர்தான் இருக்கிறார் என்பதால் ஆண்கள் நான்கு பேரும் ஒரே ராஜாவைச் சுற்றி நின்றோம். வாத்தியார் மட்டும் தனக்குக் கோப்பை ராஜாவை எடுத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வரும் அங்கன்வாடி அக்கா ஒருத்தர் விடவில்லை.

"இன்னா சார், நாங்கள்லாம் காசு, நீங்க மட்டும் கோப்பையா?"

"நான் மாநிறம்மா."

"ஒரு நாளு எங்க கூட சாமை அறுக்க வாங்க சார். சாயங்காலம் நீங்களும் எங்க கட்சிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, விதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த பாடம் உள்ளுணர்வு. படத்தைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றுகிறதோ அதுதான் சரி, புத்தகத்தைத் திறக்காதே என்றார். எழுபத்தெட்டுச் சீட்டின் அர்த்தமும் மனப்பாடம் ஆகாத வாத்தியாருக்கு இதைவிட வசதியான பாடம் கிடைக்காது. அதற்கும் அடிக்கோடிட்டேன்.

அந்த மாதம்தான் என் தங்கச்சிக்குச் சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். எங்கள் ஊர், மலைமேல் பழைய கோட்டை இருக்கும் தியாகதுருகத்தின் பக்கம். வீட்டுப் பெண் யாரும் வெளியூரில் தனியாகத் தங்கியதில்லை. அப்பாவுக்கு மனம் இரண்டாக நின்றது. புதன்கிழமை காலையில் பூக்கட்டிப் பார்க்கக் கிளம்பினார். நான் மறித்தேன்.

"பூவெல்லாம் வேணாம்பா. நான் பாத்துச் சொல்றேன். இது படிச்சிக் கத்துக்கினது."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். படித்த மகன் சொன்னால் அவர் மறுபேச்சு பேசுவதில்லை. அந்த மரியாதையை நான் செலவழித்த விதத்தை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

விதிப்படி தங்கச்சிக்குக் காசுப் பிரிவில் சின்ன வயசுக்காரர்களுக்கு உரிய பேஜ், அதாவது ஏவல் பையன் சீட்டை எடுத்து நடுவில் வைத்தேன்.

"இதுல நான் யாரு?"

"இதான் நீ."

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன் காசு ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா, இவன் ஆம்பள. தொப்பி வேற போட்டுக்கினு கீறான்."

"நெறத்த வெச்சி எடுக்கறது."

"அவன் வெள்ளையா கீறானே!"

ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடு என்றேன். எடுத்தாள். எட்டு வாள். கண்ணைக் கட்டி, உடம்பைச் சுற்றித் துணியால் இறுக்கிய ஒரு பெண். அவளைச் சுற்றி நட்டுவைத்த வாள்கள். பின்னால் மலைமேல் கோட்டை.

அம்மா தலையில் கை வைத்தாள். "யப்பா! பொண்ணக் கட்டிப் போட்டுக் கத்திய நட்டு வெச்சிக்கிறானுங்களே! வேணாம்டா, மெட்ராசும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"அதுக்கு அர்த்தம் அது இல்லம்மா. கட்டு லூசாதான் இருக்கு, அவளே அவுத்துக்கலாம்னு..."

"உனுக்குக் கண்ணு தெரியலியா? கட்டிக் கீதுடா!"

படத்தைப் பார்த்தாள், முதலில் தோன்றியதைச் சொன்னாள். இரண்டாவது பாடத்தை எங்கள் வகுப்பில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. அப்பா எழுந்து, "சரி வுடு. காலேஜுக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடு" என்றார்.

நான் வாசலுக்கு ஓடி வாத்தியாருக்குப் போன் போட்டு எட்டு வாள் வந்ததைச் சொன்னேன்.

"சிக்னிஃபிகேட்டர தப்பா வெச்சிருப்பீங்க ப்ரோ. தங்கச்சி இன்னா ராசி?"

"விருச்சிகம்."

"அப்ப கோப்பைல வரணும். ஆனா அதே கேள்வியத் திரும்பக் கேக்கக் கூடாது. இருவத்தோரு நாளு ஆவணும்."

அவர் புத்தகம் சொல்வது பிறந்த தேதியை வைத்து வரும் வெள்ளைக்கார ராசி, நான் சொன்னது ஜாதகத்து ராசி. இரண்டும் வேறு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபத்தோரு நாளை வெள்ளிக்கிழமைக்குள் எப்படி அடைப்பது என்று மட்டும் நின்று யோசித்தேன்.

உள்ளே தங்கச்சி எட்டு வாளைக் கையில் எடுத்து அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பின்னால மலை கீது பாரு. எந்த மலை?"

அப்பா குனிந்து பார்த்தார். "கோட்டை கீது. நம்ம துருகத்து மலை மாரி கீது."

"மெட்ராசுல மலைமேல கோட்டை இருக்கா?"

"எனுக்கு இன்னா தெரியும்? இருக்காது."

"அப்ப இந்தப் பொண்ணு எங்க நிக்கிது? இங்கதான. கட்டிப் போட்டது யாரு?"

"யாருடி உன்னக் கட்டனா?" என்று அம்மா எகிறினாள். "ஆக்கிப் போட்டா கட்டறதா?"

"நான் சொல்லலம்மா. நீதான் கட்டிக் கீதுன்ன."

அப்பா அம்மாவைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். பிறகு, "துணிமணி இன்னா இன்னா எடுத்தாரணும்னு ஒரு பேப்பர் குடுத்தாங்களே, அத்த எடு" என்றார்.

"பாத்தீங்களா, இதான் உள்ளுணர்வு" என்றேன். யாரும் திரும்பவில்லை. அவள் செய்தது உள்ளுணர்வும் இல்லை, குறியும் இல்லை. போக வேண்டும் என்று நினைத்தாள். கையில் கிடைத்த படத்தை வைத்து வாதாடி ஜெயித்தாள். என் சீட்டு வராமல் இருந்திருந்தால் வாதாடவே வேண்டியிருக்காதோ என்னவோ.

வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னதும், "சூப்பர் ப்ரோ, இத ஒரு வீடியோவா பேசிக் குடுங்க, புது பேட்ச் சேருது" என்றார். ஐந்தாவது வகுப்புக்கு நான் போகவில்லை.

அப்பா அவளைக் கொண்டுபோய் விட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. தண்ணி வருதா என்று அப்பா கேட்டார். அம்மா போனைப் பிடுங்கி, கதவுக்குத் தாப்பா நல்லா இருக்குதா, பக்கத்துக் கட்டில்ல யாரு என்றாள். மணலூர்பேட்டைப் பெண்ணாம்.

"நம்ம பக்கந்தான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அதற்கப்புறம்தான் அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.