கடல் தண்ணீரில் ஊறிய இடியப்ப உரல்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னைப் போல இல்லை. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரரின் கப்பல்கள் போய்ச் சில வருடங்கள் இருக்கும். நான் கலியாணம் முடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார்; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் மவுத்தாகி, ஒரே மகளோடு தனித்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.

எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது ராத்தாவின் இடியப்ப உரலை இரவல் கேட்டேன். முதிரை மரம். தச்சுவேலை செய்த அவருடைய புருஷன் தன் கையால் கடைந்தது. துறைமுகத்தில் கழித்துவிட்ட உருக்கில் அடித்தகடு வெட்டி, ஒவ்வொரு கண்ணாகத் துளைத்திருந்தார். அடுத்த கிழமை மகளுக்குக் கலியாணம். அவளுடைய வாப்பா செய்த உரலில்தான் மாப்பிள்ளைக்கு இடியப்பம் பிழிய வேண்டும், அதற்கு முன் தந்துவிடு என்று சொல்லித்தான் தந்தார்.

பிழியும்போது மேலிருந்து அழுத்தும் கட்டை ஆடியது. மா ஓரத்தால் மேலே வந்தது. திருத்திக் கொடுத்தால் ராத்தா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் அப்பா கடல் தொழில். கரையில் காய்ந்து தோணியின் பலகைகள் விலகினால், ஆழமில்லாத இடத்தில் தாழ்த்தி விடுவார். மரம் ஊறி, நீக்கல் தானாக அடைபடும். நானும் கட்டையைச் செருகி, உரலை ஒரு வாளி கடல் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டேன்.

எடுத்தால் கட்டை அசையவில்லை. நானும் என் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தும் வரவில்லை. தகட்டில் செம்மண் பூசினதுபோலத் துரு.

சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். ராத்தா கிணற்றடியில் நிற்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்துவிட்டார். சாக்கோடு கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு அழுதேன். பிறகுதான் தோணிக் கதையைச் சொன்னேன்.

ராத்தா கட்டையை ஆட்டிப் பார்த்தார்.

“இடியப்பம் புழியத்தானே புள்ள தந்தனான். நீ இதில மீன் புடிக்கப் போகப் பாத்தியா?”

ராத்தா உரலைத் திருப்பி மரத்தைத் தடவினார்.

“வெயில்ல வெச்சியா?”

“இல்ல ராத்தா. பயத்தில வெளியில எடுக்கவேயில்ல.”

“அது நல்லம். வெயில் பட்டிருந்தா வெடிச்சிருக்கும்.”

கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. உமிச் சாக்குக்குள் உரலைப் புதைத்து, குசினியில் அடுப்படியைத் தள்ளி ஒரு மூலையில் நிழலில் வைத்தோம். காலையும் மாலையும் ஈர உமியை மாற்றுவது என் வேலை. மூன்றாம் நாள் கட்டை ஒரு விரலளவு நகர்ந்தது. நாலாம் நாள் கழன்றது. தகட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கண்களை ஈர்க்கால் குத்தி, தணலில் காட்டி ஈரம் போக்கி, தேங்காயெண்ணெய் பூசினேன். மரத்துக்கும் பூசினேன்.

கலியாணத்தன்று விடிய, பிழிவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார். கட்டை பழையபடி ஆடியது. நான் ராத்தாவைப் பார்த்தேன்.

“அது எப்பவும் அப்பிடித்தான். மாவக் கொஞ்சம் இறுக்கிக் குழை” என்றார்.

முதல் ஈடு பழுப்பாக இறங்கியது. அதை நான் தின்றேன். மாப்பிள்ளைக்கு வெள்ளையாகப் போனது.

மரம் முதிரையா பாலையா, உமிக்குள் கிடந்தது மூன்று நாளா நாலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உரல் ராத்தாவின் மகளிடம்தான் இருக்கும். யாராவது அவரிடம் கேட்டு, பிழையைத் திருத்திவிடுங்கள்.