பன்னிரண்டு தகரத்தின் பாக்கி

தகரக்கார அக்காவுக்குப் பன்னிரண்டு தகரத்தின் விலையை நான் பாக்கி வைத்திருந்தேன். பணம் இல்லாமல் அல்ல. இன்றைக்கு இந்த ஆற்றங்கரையில் என் இரும்புக் கடையைத் தாண்டி ஒரு ஆணிகூட எந்தச் சுவரிலும் ஏறாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எத்தனையோ முறை பணத்தை நீட்டினேன். அவள்தான் வாங்கவில்லை.

நான் இங்கே வந்து சேர்ந்தபோது என் சொத்து சாந்து பூசும் கரணை ஒன்று மட்டும். அக்கா பழைய தார் பீப்பாய்களை வெட்டி, விரித்து, மரச்சுத்தியலால் தட்டித் தகரமாக்கி விற்பாள். கரையில் பாதி வீடுகள் அவள் தட்டியவை. புருஷன் விட்டுப் போன பிறகு, மகனை அந்தச் சத்தத்திலேயே தூங்கவைத்து வளர்த்தாள். எனக்குக் கடனுக்குத் தகரம் கொடுத்தாள். நான் நிறுத்திய சுவர் அன்றைக்கே சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றேன்.

“சுவத்துக்கு முட்டுக் குடுக்குற மேஸ்திரிய இப்பதான் பாக்குறேன்” என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் மேஸ்திரி. பிற்பாடு நிஜமாகவே மேஸ்திரியாகிக் காட்டினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தகரம்தான் சுவர். விடிந்தால் அந்தப் பக்கம் சுத்தியல் கேட்கும், நான் எழுந்துகொள்வேன்.

மகனுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அவளையும் கூட்டிப் போனான். கிளம்பும்போது பணத்தை எடுத்தேன்.

“இருக்கட்டும் மேஸ்திரி. பாக்கி இருந்தாத்தான் திரும்பி வர ஒரு சாக்கு இருக்கும்.”

அதற்குப் பிறகுதான் கரைக்கு நல்ல காலம் வந்தது. எங்களைக் கிளப்பாமல், குடியிருப்பவர்களே வரைபடம் போட்டு இடத்தைத் திருத்திக்கொள்ள மாநகராட்சி ஒப்புக்கொண்டது. சாக்கடை, குழாய்த் தண்ணீர், வண்டி நுழைகிற தெரு. அதற்கு எல்லா வீட்டையும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு அட்டை வெட்டித் தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்திச் சண்டை போட்டோம். ஆற்றைப் பார்த்த வாசலோடு அக்காவின் அட்டையை என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடம் போதவில்லை என்றார்கள். என் கடையில் இரண்டடி விட்டுக்கொடுத்தேன். வேறு எவன் கொடுத்தான், கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு மனை கிடையாது என்பது விதி. ஆகவே பக்கத்து நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைப்பேன். ஓட்டெடுப்பில் இரண்டு கையையும் தூக்குவேன்.

குடியிருப்போர் கமிட்டிச் செயலாளர் ஒரு தையல்காரப் பெண். “என்ன பெரியப்பா, போலீஸ் வந்திருச்சா?” என்றாள்.

“ஒண்ணு எனக்கு. ஒண்ணு அக்காவுக்கு.”

“அவங்க வருவாங்களா?”

“பாக்கிய விட்டுட்டுப் போறவளா அவ?”

சிரித்துக்கொண்டே பெயரை எழுதினாள். “ஆனா சாவி வாங்க நேர்ல வரணும். வந்து, இங்கதான் இருக்கேன்னு சொல்லணும். இல்லாட்டி காத்திருக்குற அடுத்த குடும்பத்துக்குப் போயிரும்.”

சுவர் எழும்ப எழும்ப ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். “பாக்கி பத்திரமா இருக்கா?” என்பாள். “வந்து வாங்கிக்க” என்பேன். “வரேன் வரேன்” என்பாள்.

சாவி கொடுக்கும் நாளில் வந்தாள். கையில் ஊன்றுகோல். மகன் காரிலேயே இருந்தான். உள்ளே போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“சத்தமே வரல.”

“செங்கல்லு அக்கா. நானே நின்னு கட்டினேன்.”

“நல்லாத்தான் கட்டிருக்க. சாயல.”

வாசற்படியில் உட்கார்ந்து ஆற்றை வெகுநேரம் பார்த்தாள். “ஆஸ்பத்திரி, பேரப்புள்ளைங்க எல்லாம் அங்க. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இனிமே நான் எங்க மேஸ்திரி…” என்றாள். பெரிய பெரிய வியாபாரிகளைப் பேசியே மடக்கியவன் நான். நிலைப்படியில் ஒட்டியிருந்த சாந்தை நகத்தால் சுரண்டினேன்.

வாங்கிய சாவியைத் தையல்காரப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள். “காத்திருக்குறவங்களுக்குக் குடும்மா.” பிறகு என் பக்கம் கையை விரித்தாள். “பாக்கியக் குடு.”

“அடுத்த தடவ வரும்போது வாங்கிக்கக்கா.”

“குடு மேஸ்திரி.”

இன்றைய தகர விலைக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தேன். அன்றைய விலை போதும் என்றாள். அன்றைய விலை சில நோட்டுகள்தான். ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தேன். நடுவில் கணக்கு விட்டதாகச் சொல்லி முதலிலிருந்து எண்ணினேன். எவ்வளவு மெதுவாக எண்ணியும் தீர்ந்துவிட்டது.